பிளஷ் செய்தும் போகவில்லையா? வேகம் குறைந்த கழிப்பறையை வீட்டிலேயே சரிசெய்யும் முறை

பிளஷ் டேங்கின் பொத்தானை அழுத்தினால் தண்ணீர் வருகிறது, கோப்பைக்குள் ஒரு சுற்றுச் சுற்றுகிறது, ஆனால் போக வேண்டியது போகாமல் அங்கேயே நிற்கிறது; டேங்க் மறுபடி நிரம்பும்வரை காத்திருந்து இரண்டாம் முறை அழுத்த வேண்டியிருக்கிறது. இந்த நிலை வந்தவுடன் பல வீடுகளில் முதலில் நடப்பது, கடையிலிருந்து ஒரு பாட்டில் ஆசிட் வாங்கி வந்து ஊற்றுவது. அது பலிக்காவிட்டால் பிளம்பரை வரவழைத்து டேங்கையே மாற்றிவிடுவது. இரண்டும் சில வேளைகளில் பலன் தரலாம் என்றாலும், கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் செய்யும் செலவு பெரும்பாலும் வீண் செலவாகவே முடிகிறது.

கோப்பையில் இருப்பதை வெளியேற்றுவது தண்ணீரின் அளவு மட்டுமன்று, அது இறங்கும் வேகமும்தான். 6 லிட்டர் தண்ணீரை ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு மெல்ல ஊற்றிப் பாருங்கள். கோப்பையின் நீர்மட்டம் சற்றும் உயராமல், வந்த தண்ணீர் வந்தபடியே பின்புற வளைவைத் தாண்டி வழிந்து போய்விடும். அதே 6 லிட்டர் சில விநாடிகளில் மொத்தமாக இறங்கினால்தான் மட்டம் எழும்பி, வளைவு நிறைந்து, உள்ளே இருப்பதைத் தள்ளிக்கொண்டு போகும். ஆகவே டேங்கில் தண்ணீர் குறைவாக இருப்பது, இருக்கும் தண்ணீர் மெதுவாக இறங்குவது, கோப்பையின் துளைகள் அடைபட்டிருப்பது, வளைவிலோ வெளிக்குழாயிலோ தடை இருப்பது, குழாயில் காற்றுக்கு வழியில்லாமல் போவது ஆகியவற்றுள் ஏதோ ஒன்றுதான் காரணமாக இருக்க முடியும். அது எது என்பதைப் பெருமளவு சொல்லிவிடக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அதற்கு ஒரு வாளி போதும்.

வாளியில் 6 முதல் 8 லிட்டர் வரை தண்ணீர் எடுத்துக்கொண்டு, இடுப்பு உயரத்திலிருந்து கோப்பையின் நடுப்பகுதியைப் பார்த்து, தயங்காமல் ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். தெறிக்கும் என்று பயந்து பாதியாகப் பிரித்து ஊற்றினால் சோதனை பயன்படாது. கோப்பையில் ஏற்கெனவே தண்ணீர் விளிம்புவரை ஏறி நின்றால் மட்டும் இதைச் செய்யக் கூடாது. அது அடைப்பு என்பது கண்ணுக்கே தெரிகிறது. ஊற்றிய தண்ணீர் 'குபுக்' என்று மொத்தமாக இறங்கி, மட்டம் உடனே பழைய நிலைக்குத் திரும்பினால், வளைவும் அதற்கு அப்பால் உள்ள குழாயும் நன்றாக இருக்கின்றன. குறை டேங்கிலோ, டேங்கிலிருந்து கோப்பைக்கு வரும் வழியிலோ இருக்கிறது. மாறாக, தண்ணீர் மேலே எழும்பி நின்று பிறகு மெல்ல மெல்ல வடிந்தால், டேங்கைத் தொட வேண்டியதே இல்லை. தடை கீழே இருக்கிறது.

டேங்கில் பார்க்க வேண்டியவை

வாளிச் சோதனையில் கோப்பை தேறிவிட்டால், டேங்கின் மூடியைத் திறக்க வேண்டும். பீங்கான் மூடி என்றால் இரண்டு கைகளாலும் தூக்கித் தரையில் விரித்த துணியின்மேல் வையுங்கள். அது விழுந்து உடைந்தால் அதே மாடல் மூடி தனியாகக் கிடைப்பது அரிது. மூடியின் நடுவில் பொத்தான் உள்ள டேங்குகளில், பொத்தானையோ அதைச் சுற்றியுள்ள வளையத்தையோ இடப்புறமாகத் திருகிக் கழற்றிய பிறகே மூடி வரும்.

உள்ளே நடுவில் நிற்கும் அமைப்பில் ஒரு வழிவுக் குழாய் இருக்கும். டேங்க் நிரம்பி நிற்கும்போது தண்ணீர் அந்தக் குழாயின் வாய்க்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் கீழே இருக்க வேண்டும். பல டேங்குகளின் உட்சுவரில் இதற்கென ஒரு கோடும் போட்டிருப்பார்கள். அதற்கும் வெகு கீழே தண்ணீர் நின்றுவிட்டால், மிதவை முன்கூட்டியே வால்வை மூடிவிடுகிறது என்று பொருள். புதிய வகை டேங்குகளில் மிதவையின் பக்கத்தில் நீண்ட பிளாஸ்டிக் திருகு ஒன்று இருக்கும். அதைச் சிறிது சிறிதாகத் திருகி மிதவையை மேலேற்றலாம். பந்து வடிவ மிதவையும் பித்தளைக் கம்பியும் உள்ள பழைய டேங்குகளில், கம்பியின் நடுப்பகுதியை இரண்டு கைகளாலும் பிடித்து, பந்து சற்று உயரும்படி மெல்ல வளைத்தால் போதும். அளவுக்கு மீறி ஏற்றிவிட்டால் வழிவுக் குழாய் வழியாகத் தண்ணீர் ஓயாமல் கோப்பைக்குள் கசிந்துகொண்டே இருக்கும். இரவில் மோட்டார் போட்டு நிரப்பிய மேல்தொட்டி காலையில் காலியாகக் கிடப்பதற்கு இந்தக் கசிவு ஒரு காரணமாக இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

தண்ணீர்ப் பஞ்ச காலத்தில் சிக்கனத்துக்காக யாரேனும் டேங்குக்குள் தண்ணீர் நிரப்பிய பாட்டிலையோ செங்கல்லையோ வைத்திருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். 10 லிட்டர் பிடிக்கும் பழைய டேங்குகளுக்கு அது பொருந்திய யோசனை. இப்போது விற்பனையாகும் டேங்குகள் பெரிய பொத்தானுக்கு 6 லிட்டரும் சிறிய பொத்தானுக்கு 3 லிட்டரும் விடும்படியே செய்யப்படுகின்றன. அதிலிருந்து மேலும் ஒரு லிட்டரைத் திருடினால் கோப்பை சுத்தமாகாது, இரண்டாம் முறை அழுத்தும்போது மிச்சம் பிடித்ததும் சேர்ந்து போய்விடும். பழைய கோப்பையை அப்படியே வைத்துக்கொண்டு டேங்கை மட்டும் புதிதாக மாற்றிய வீடுகளில் வேகம் குறைவதற்கும் இதே கணக்குத்தான் காரணம். 10 லிட்டருக்காக வடிவமைக்கப்பட்ட கோப்பைக்கு 6 லிட்டர் பற்றுவதில்லை. சில டேங்குகளின் நடு அமைப்பில், எவ்வளவு தண்ணீர் இறங்கியதும் மூட வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி ஒன்று பக்கவாட்டில் இருக்கும். அதை அதிக அளவுக்கு நகர்த்திப் பாருங்கள். வீட்டில் எல்லோரும் எந்தப் பொத்தானை அழுத்துகிறார்கள் என்பதையும் ஒரு முறை விசாரித்துவிடுவது நல்லது. சிறிய பொத்தானையே எல்லாவற்றுக்கும் அழுத்திவிட்டு டேங்கைக் குறைசொல்லும் வீடுகள் உண்டு.

மட்டம் சரியாக இருக்கிறது, ஆனால் அடுத்தடுத்து இருவர் போகும்போது இரண்டாமவருக்கு மட்டும் வேகம் இல்லை என்றால், டேங்க் நிரம்புவதற்கு நேரமாகிறது. 6 லிட்டர் டேங்க் மூன்று நிமிடங்களுக்குள் நிரம்பிவிட வேண்டும். முதலில் சுவரில் உள்ள ஆங்கிள் வால்வு முழுவதும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்; எப்போதோ பழுதுபார்க்க வந்தவர் அரைகுறையாகத் திறந்துவிட்டுப் போயிருக்கலாம். அது சரியாக இருந்தால், வால்வை மூடி, டேங்கைப் பிளஷ் செய்து காலியாக்கி, டேங்குக்குப் போகும் கனெக்‌ஷன் பைப்பைக் கழற்றி, அதன் முனையை ஒரு லிட்டர் மக்குக்குள் பிடித்து வால்வைத் திறக்க வேண்டும். மக் நிரம்ப அரை நிமிடத்துக்கு மேல் ஆனால் குழாயிலேயே வரத்து இல்லை. மக் சீக்கிரம் நிரம்பியும் டேங்க் மட்டும் மெல்ல நிரம்புகிறது என்றால், டேங்கின் நுழைவாயில் வால்வுக்குள் இருக்கும் சிறு வலை அடைத்திருக்கிறது. விரல்நுனி அளவே உள்ள அந்தப் பிளாஸ்டிக் வலையைக் கட்டிங் பிளேயரால் மெல்லப் பிடித்து இழுத்தால் வெளியே வரும்; மேல்தொட்டியின் வண்டல், மணல், குழாய் அறுத்தபோது விழுந்த பிவிசி துருவல் எல்லாம் பழுப்பு நிறத்தில் அதில் அப்பியிருக்கும். பழைய பல்தூரிகையால் தேய்த்துக் கழுவிப் பழையபடி செருகிவிடலாம். பிளாஸ்டிக் மரைகளைக் கையால் இறுக்கினாலே போதுமானது. ஸ்பேனர் போட்டு முறுக்கினால் மரை வெடித்துவிடும்.

கைப்பிடியை நாலைந்து முறை பம்பு அடிப்பதுபோல் அழுத்தினால்தான் தண்ணீர் இறங்குகிறது என்பது வேறொரு நோய். பக்கவாட்டில் கைப்பிடியுள்ள சைபன் வகை டேங்குகளில், கைப்பிடியை அழுத்தும்போது உள்ளே ஒரு தட்டு மேலெழுந்து, தன்மேல் உள்ள தண்ணீரை வளைவுக்கு அப்பால் தள்ளிவிடும். அதன்பின் மீதித் தண்ணீர் தானே இழுபட்டுப் போகும். அந்தத் தட்டிலுள்ள துளைகளை மூடியபடி மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்று இருக்கிறது. அது கிழிந்துவிட்டால், தட்டு உயர்ந்தாலும் தண்ணீர் துளைகள் வழியே கீழே நழுவிவிடும். ஆங்கிள் வால்வை மூடி, டேங்கைக் காலிசெய்து, அடியிலுள்ள பெரிய மரையைக் கழற்றிச் சைபனை வெளியே எடுத்தால் அந்தத் தகட்டை மாற்றலாம். கிழிந்த தகட்டைக் கையோடு கொண்டுபோய் சானிட்டரி கடையில் காட்டி, அதே அளவில் வாங்குங்கள். கிடைக்காத இடங்களில் கனமான பாலிதீன் தாளைப் பழையதன் அளவுக்கு வெட்டிப் போட்டும் வேலையை முடிக்கலாம்.

விளிம்புத் துளைகளும் உப்பும்

டேங்கில் தண்ணீர் நிறைய இருக்கிறது, பொத்தானை அழுத்தியதும் மட்டம் இறங்குகிறது, ஆனால் இறங்குவதற்கே பத்துப் பதினைந்து விநாடிகள் ஆகின்றன என்றால், கோப்பையின் விளிம்புக்கு அடியில் பார்க்க வேண்டும். பழைய வடிவக் கோப்பைகளில் விளிம்பின் உட்பக்கம் பொள்ளலாக இருக்கும். டேங்கிலிருந்து வரும் தண்ணீர் அந்தப் பொள்ளலில் ஓடி, அடியிலுள்ள சிறு துளைகள் வழியாகக் கோப்பையைச் சுற்றிலும் இறங்கும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பயன்படுத்தும் வீடுகளில் அந்தத் துளைகளின் வாயைச் சுண்ணாம்புப் படிவு வருடக்கணக்கில் சிறிது சிறிதாக மூடிவிடுகிறது. நின்றபடி பார்த்தால் இது தெரியாது. சிறிய கண்ணாடி ஒன்றை விளிம்புக்குக் கீழே சாய்த்துப் பிடித்து, கைபேசியின் விளக்கை அடித்துப் பாருங்கள்: திறந்த துளை கறுப்பாகத் தெரியும், அடைபட்ட துளையின் இடத்தில் மஞ்சள் கலந்த வெள்ளை மொட்டுப்போல ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். சில கோப்பைகளின் அடியில், வளைவுக்கு நேர் எதிரே, பெரிய துளை ஒன்றும் உண்டு. சைபன் முறையில் இழுக்கும் அத்தகைய கோப்பைகளுக்கு அந்தத் துளைதான் உயிர்நாடி. அது பாதி மூடினாலே இழுப்பு தொடங்காமல் போகும்.

இந்தப் படிவில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் நுரைத்துக் கரைந்துவிடும் என்பதால் ஆசிட் பாட்டிலை நாடுவது இயல்பே. ஆனால் விளிம்பைச் சுற்றி மேலாக ஊற்றிய ஆசிட் ஒரு நிமிடத்துக்குள் வழிந்து கீழே போய்விடுகிறது. துளைக்குள் இருக்கும் கெட்டிப் படிவு அப்படியே இருக்கிறது. இங்கே அமிலத்தின் வீரியத்தைவிட, அது படிவின்மீது எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதே முக்கியம். எலுமிச்சை உப்பு என்ற பெயரில் விற்கப்படும் சிட்ரிக் அமிலம் 100 கிராமை ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். பழைய பருத்தித் துணியைக் கயிறாக முறுக்கி, அந்தக் கரைசலில் நனைத்து, விளிம்புக்கு அடியில் துளைகளை ஒட்டியபடி சுற்றிலும் செருகி, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். வீட்டில் வேறு கழிப்பறை இல்லையென்றால் இரவு படுக்கப் போகும் நேரத்தில் செய்வதே நல்லது. காலையில் துணியை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் உறை போட்ட மின்கம்பித் துண்டின் முனையை ஒவ்வொரு துளைக்குள்ளும் விட்டுச் சுழற்றினால் படிவு பொடிப்பொடியாக உதிரும். வெறும் இரும்புக் கம்பி பீங்கானில் கரிய கோடுகளைப் போட்டுவிடும். அவை பிறகு எளிதில் போகமாட்டா. கையுறை அணிந்துகொள்வது அவசியம்.

பொள்ளலுக்குள்ளேயே படிவு இருப்பதாகத் தோன்றினால், ஆங்கிள் வால்வை மூடி, டேங்கைக் காலியாக்கி, துளைகளின் வாயை ஒட்டும் டேப்பால் அடைத்துவிட்டு, வெதுவெதுப்பான கரைசலை டேங்கின் வழிவுக் குழாய் வழியாக மெல்ல ஊற்றலாம். அந்தக் குழாய் நேராக விளிம்புக்கே போகிறது. சில மணி நேரம் கழித்து டேப்பை உரித்துவிட்டுப் பிளஷ் செய்தால், கலங்கலாகச் சுண்ணாம்புத் துகள்கள் வந்து விழும். படிவு தடிமனாக இருந்தால் இன்னும் ஓரிரு இரவுகள் இதையே திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத்தான் பயன்படுத்துவேன் என்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: அதே கோப்பையில் பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ பட்டிருந்தால் குளோரின் வாயு கிளம்பும், ஜன்னல் மூடிய சிறிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. ஒன்றை ஊற்றி, நன்றாகக் கழுவிவிட்டு, இன்னொரு நாள் மற்றதைப் பயன்படுத்துங்கள். டேங்குக்குள் ஆசிட் ஊற்றவே கூடாது. ரப்பர் வாஷர்களும் உலோகத் திருகுகளும் கெட்டுவிடும். செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் வாரந்தோறும் ஆசிட் ஊற்றுவது, கழிவை மக்கவைக்கும் நுண்ணுயிர்களையும் அழிக்கும்.

வளைவில் அடைப்பு இருந்தால்

வாளித் தண்ணீர் மெல்ல வடிந்த வீடுகளுக்கு இனி வருவோம். முழு அடைப்பைவிட அரை அடைப்பே ஆளை ஏமாற்றும். காலியான ஷாம்பு பாக்கெட் ஒன்று வளைவில் சிக்கியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: தண்ணீர் மட்டும் வரும்போது அது ஒருபக்கமாக மடங்கி வழிவிடும், கெட்டியாக ஏதேனும் வந்தால் குறுக்கே நிமிர்ந்து தடுத்துவிடும். அதனால்தான் ஒரு நாள் நன்றாகப் போவதும் மறுநாள் நிற்பதுமாக இருக்கிறது. சானிட்டரி நாப்கினும் ஈரத் துடைப்பான் தாளும் தண்ணீரில் கரைவதில்லை. நாப்கின் உள்ளே இருக்கும் பொருள் நீரை உறிஞ்சி உப்பிவிடும்.

ரப்பர் பம்பு வாங்கும்போது, அரைவட்டக் கிண்ணத்தின் அடியில் குழல்போல இன்னொரு விளிம்பு நீண்டிருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். தட்டையான வாயுள்ளது வாஷ்பேசினுக்கு உரியது, கோப்பையின் சாய்ந்த வாயில் அது பொருந்தி உட்காராது. பம்பின் ரப்பர் முழுவதும் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்க வேண்டும். முதல் அழுத்தம் மெதுவாக இருக்கட்டும். உள்ளே உள்ள காற்று வெளியேறாமல் ஓங்கி அழுத்தினால் அழுக்குத் தண்ணீர் முகத்தில் அடிக்கும். பிறகு பதினைந்து இருபது முறை அழுத்தி இழுக்க வேண்டும். தள்ளுவதைவிட இழுப்பதில்தான் வலு காட்ட வேண்டும், ஏனெனில் சிக்கிய பொருளை மேலும் ஆழத்துக்குத் தள்ளுவதைவிட வந்த வழியே வெளியே எடுப்பதே மேல். கழிவு மட்டுமே இறுகியிருந்தால், பாத்திரம் கழுவும் திரவத்தைச் சிறிது ஊற்றி, கை பொறுக்கும் சூட்டில் ஒரு வாளி வெந்நீரை விட்டு அரை மணி நேரம் ஊறவிட்டால் இளகும். கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் பீங்கான் விரிசல் விடக்கூடும். இதற்கும் அசையாவிட்டால், சுழற்றும் கைப்பிடியுள்ள ஸ்பிரிங் கம்பியை வளைவுக்குள் விட்டுச் சுழற்றி, கொக்கியில் மாட்டியதை இழுக்கலாம்.

இந்தியன் கோப்பையும் பிளஷ் வால்வும்

தரையோடு பதித்த இந்தியன் கோப்பையில் தண்ணீர் கிடைமட்டமாக ஓடித் தள்ள வேண்டியிருப்பதால், அதற்கு உயரத்திலிருந்து வரும் வேகம் தேவை. சங்கிலி கட்டி இழுத்த பழைய இரும்பு டேங்குகள் தலைக்கு மேலே இருந்ததன் காரணம் இதுவே. உயரத் தொட்டியின் அடிப்பாகம் கோப்பையின் மேல்மட்டத்திலிருந்து குறைந்தது 125 செ.மீ. மேலே இருக்க வேண்டும் என்பது கணக்கு. வெஸ்டர்ன் கோப்பைக்குரிய டேங்கை அதே தாழ்வில் இந்தியன் கோப்பைக்கும் மாட்டிவிட்டால் எவ்வளவு சுத்தம் செய்தாலும் வேகம் வராது. டேங்கை உயர்த்தி மாட்டி, குழாயை நீட்டுவதுதான் தீர்வு.

டேங்க் இல்லாமல் சுவரில் பிளஷ் வால்வு மட்டும் உள்ள வீடுகளில், அழுத்தம் முழுவதும் மேல்தொட்டியின் உயரத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். மொட்டை மாடித் தொட்டிக்கு நேர் கீழே உள்ள கடைசி மாடிக்கு மூன்று நான்கு மீட்டர் உயரமே கிடைப்பதால், தரைத்தளத்தில் சீறும் அதே வால்வு அங்கே சோம்பிவிடுகிறது. வால்வின் கட்டுப்பாட்டுத் திருகை முழுவதும் திறந்து பார்க்கலாம். உள்ளே உள்ள பிஸ்டனைக் கழற்றி உப்பைச் சுத்தம் செய்யலாம். குளிக்கும் குழாய்க்குப் போகும் மெல்லிய லைனிலிருந்தே வால்வுக்கும் கிளை எடுத்திருந்தால் இவற்றால் பெரிய பயன் இருக்காது. தொட்டியிலிருந்து தனியாகப் பெரிய குழாய் இழுப்பது ஒரு வழி. கடைசி மாடிக்கு வால்வை விட்டுவிட்டு டேங்க் மாட்டுவதே செலவு குறைந்த வழி என்பது என் கருத்து.

காற்றுக் குழாயும் செப்டிக் டேங்கும்

பிளஷ் செய்யும்போது குளியலறைத் தரையிலுள்ள ஜாலிக்குள் 'குளுகுளு' என்று சத்தம் கேட்டாலோ, கோப்பையில் நிற்கும் தண்ணீரின் மட்டம் தானாகக் குறைந்து நாற்றம் எழுந்தாலோ, காற்றுப் போக்கும் வென்ட் குழாயைப் பார்க்க வேண்டும். மொட்டை மாடியில் அதன் வாயிலுள்ள தொப்பி உடைந்திருந்தால், சருகுகள் விழுந்தோ அணிலோ பறவையோ கூடு வைத்தோ அடைத்திருக்கலாம். மேலே புது மாடி எழுப்பியபோது குழாயை நீட்டாமல் மூடிவிட்ட வீடுகளும் உண்டு. வெளியே உள்ள சேம்பரின் மூடியைச் சற்று நகர்த்தி வைத்துவிட்டுப் பிளஷ் செய்யும்போது வேகம் கூடினால், காற்றுக்கு வழியில்லை என்பது உறுதியாகிறது. மூடியைத் திறக்கும்போது குனிந்து முகத்தை அருகே கொண்டுபோகவோ, தீக்குச்சி பற்றவைக்கவோ கூடாது. அந்தச் சேம்பரிலேயே கழிவுநீர் தேங்கி நின்றால், தடை அதற்கும் அப்பால் இருக்கிறது.

தரைத்தளக் கழிப்பறை மட்டும் மந்தமாகி, மழைக்காலத்தில் இன்னும் மோசமானால் செப்டிக் டேங்கைச் சந்தேகிக்கலாம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை அதன் அடியில் சேரும் கசடை எடுத்துவிட வேண்டும். அதற்குள் மனிதர் எவரையும் இறக்கக் கூடாது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவதை, கையால் கழிவு அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது, உள்ளே தேங்கும் வாயு நொடிகளில் உயிரைப் பறிக்கிறது. கழிவு உறிஞ்சும் லாரியை 14420 என்ற எண்ணில் அழைக்கலாம். லாரி வந்து போன சில நாட்களில் டேங்க் மறுபடி நிறைந்திருப்பதைப் பார்த்து, சரியாக எடுக்கவில்லை என்று சண்டைக்குப் போக வேண்டாம். செப்டிக் டேங்க் எப்போதுமே வெளியேற்றும் குழாயின் மட்டம்வரை நிறைந்துதான் இருக்கும். அந்த மட்டத்துக்கு மேலே தண்ணீர் ஏறி நின்றால்தான் கோளாறு. அப்போது பார்க்க வேண்டியது டேங்கை அன்று, அதை அடுத்துள்ள உறிஞ்சுகுழியை.